பெட்டியில் எழுதியிருப்பதும் வீட்டில் ஓடுவதும்: யூஎஸ்பி வசதியுள்ள ஒரு டிவிடி பிளேயரின் மதிப்பீடு

இலங்கையின் மலையகத்து ஹட்டன் நகரிலுள்ள ஒரு மின்சாதனக் கடையில் வாங்கிய, முன்பக்கத்தில் யூஎஸ்பி போர்ட்டும் பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ இணைப்பும் கொண்ட சாதாரண டிவிடி பிளேயர் ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. திருமண வீட்டு இறுவட்டுகளையும் பழைய திரைப்பட இறுவட்டுகளையும் பார்ப்பதற்கு இது நல்ல கருவி. கையடக்கத் தொலைபேசியில் எடுத்த காணொளியைப் பென் டிரைவில் ஏற்றி நேரே செருகிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் வாங்குபவருக்கு இது ஏற்றதன்று. இந்த இரண்டாவது செய்தியைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எந்தச் சின்னமும் சொல்லவில்லை என்பதால்தான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. கருவியின் வணிகப் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்த வகைப் பிளேயர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி 1389 வரிசைச் சில்லு அல்லது அதற்கு ஒப்பான வேறொன்று. முகப்பிலுள்ள பெயர் மாறினாலும், எதை ஓட்டும், எதை மறுக்கும் என்பது பெரிதாக மாறுவதில்லை.

மலையகத்து வீடுகளில் இறுவட்டு இன்னும் வழக்கொழியவில்லை. திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோவில் தேர்த் திருவிழா, மாசி மாதத்துக் காமன் கூத்து ஆகியவற்றைப் பதிவுசெய்த ஒளிப்பதிவாளர்கள் பல ஆண்டுகளாக இறுவட்டில்தான் பிரதி கொடுத்தார்கள். மூலப்பதிவு அவர்களிடமும் இல்லாத நிலையில், அலுமாரியில் இருக்கும் அந்த ஒரு வட்டுத்தான் பல குடும்பங்களுக்கு எஞ்சியிருப்பது. காலஞ்சென்ற ஒரு கூத்தாசிரியரின் குரல் பதிவான ஒரே இடமாகவும் அது இருக்கக்கூடும். திரைப்படம் ஒன்று ஓடாவிட்டால் வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம். இவற்றுக்கு அந்த மாற்றுவழி இல்லை. ஆகவே ஒரு பிளேயரை மதிப்பிடும்போது, அதன் பெட்டியில் எத்தனை சின்னங்கள் உள்ளன என்பதைவிட, நம் வீட்டு அலுமாரியில் உள்ளவற்றை அது ஓட்டுகிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அந்த வகையில் இந்தக் கருவி நம்பிக்கையூட்டியது. ஒளிப்பதிவாளர்கள் ஒழுங்காகத் தயாரித்துக் கொடுத்த டிவிடிகளை அது தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது. டிவிடி வீடியோ என்பது கண்டிப்பான ஒரு தரநிலை. முதல் பிளேயர்கள் 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலத்திலிருந்து அதன் அடிப்படை விதிகள் மாறவில்லை. படம் வழக்கமாக எம்பெக் 2 என்ற சுருக்க முறையில், நமது நாட்டில் வழங்கும் பால் (PAL) தொலைக்காட்சி முறைக்கு 720 x 576 புள்ளிகளாக, செக்கனுக்கு 25 சட்டகங்களாக இருக்கும். ஒலி டொல்பி டிஜிட்டல், பிசிஎம் போன்ற சில குறிப்பிட்ட முறைகளில் மட்டும் அமைய வேண்டும். எல்லாக் கோப்புகளும் ‘வீடியோ டிஎஸ்’ என்ற கோப்புறைக்குள் விஓபி, ஐஎஃப்ஓ, பியூபி என்ற பெயர் முடிவுகளுடன் இருக்க வேண்டும். இந்த விதிகளுக்கு உட்பட்ட இறுவட்டை டிவிடி சின்னம் பொறித்த எந்தப் பிளேயரும் ஓட்டியாக வேண்டும். அத்தகைய வட்டு ஓட மறுத்தால், வடிவத்தில் குறை தேடுவது வீண். கீறல், அழுக்கு, பூஞ்சை, லென்ஸ் தேய்வு ஆகியவற்றையே பார்க்க வேண்டும்.

விசிடிகளையும் இது நன்றாக ஓட்டுகிறது. எம்பெக் 1 முறையில் 352 x 288 புள்ளிகளே கொண்ட அந்தப் படங்கள் பெரிய தட்டைத் திரையில் மங்கலாகத்தான் தெரியும். அது கருவியின் குறையன்று. இங்கே பழுது கண்டறிய உதவும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். டிவிடியைப் படிப்பதற்கு 650 நனோமீற்றர் அலைநீளமுள்ள சிவப்பு லேசரும், சீடியையும் விசிடியையும் படிப்பதற்கு 780 நனோமீற்றர் அகச்சிவப்பு லேசரும் பயன்படுகின்றன. ஒரு பழைய பிளேயர் டிவிடியை நன்றாக ஓட்டி, எந்த விசிடியைப் போட்டாலும் ‘நோ டிஸ்க்’ என்று காட்டுமானால், இரண்டில் ஒரு லேசர் பலவீனமடைந்திருக்க வாய்ப்புண்டு. அந்த நிலையில் இறுவட்டை மீண்டும் மீண்டும் துணியால் துடைத்துக் கீறலை அதிகப்படுத்துவதைவிட, மெக்கானிக்கிடம் கருவியைக் கொடுப்பதே நல்லது.

சிக்கல் தொடங்குவது பென் டிரைவிலும், கணினியில் கோப்புகளாகவே பதிந்த இறுவட்டுகளிலும்தான். பெட்டியில் ‘எம்பெக் 4’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெயருக்குள் இரண்டு வேறுபட்ட முறைகள் அடங்கியுள்ளன. 1999இல் வெளியான எம்பெக் 4 பகுதி 2 என்பது டிவ்எக்ஸ், எக்ஸ்விட் ஆகிய காணொளிச் சுருக்க முறைகளின் அடிப்படை. இந்தப் பிளேயர் புரிந்துகொள்வது அதை மட்டும்தான். 2003இல் வெளியான எம்பெக் 4 பகுதி 10 என்பதுதான் எச் 264. இன்றைய தொலைபேசிகளில் பெரும்பாலானவை அதிலோ, 2013இல் வந்த எச் 265இலோ பதிவுசெய்கின்றன. ஐபோன்களில் 2017இல் ஐஓஎஸ் 11 வந்த பின்னர், புதிய மாதிரிகளில் எச் 265 முறையே இயல்பு அமைப்பாக இருக்கிறது. இந்த இரண்டையும் இப்பிளேயரின் சில்லு விரித்துக் காட்ட இயலாது. படத்தை விரிக்கும் வேலை சில்லின் வன்பொருளிலேயே அமைந்திருப்பதால், உள்ளமை மென்பொருளைப் புதுப்பித்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் செலவழிக்க வேண்டாம்.

கோப்பின் பெயர் முடிவைப் பார்த்து முடிவுசெய்வதும் பலன் தராது. ஏவிஐ, எம்பி 4, எம்கேவி என்பன வெறும் கொள்கலன்கள். கொழுந்துக் கூடையின் வடிவத்தைப் பார்த்து உள்ளே இளங்கொழுந்து இருக்கிறதா, முற்றிய இலை இருக்கிறதா என்று சொல்ல முடியாதது போல, ‘ஏவிஐ’ என்ற முடிவைக் கொண்டு உள்ளே இருப்பது எக்ஸ்விட்டா, எச் 264ஆ என்று சொல்ல முடியாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் படத்தின் முறை, ஒலியின் முறை, தெளிவுத்திறன், சட்டக வேகம் ஆகிய நான்கும் ஒரே பார்வையில் தெரியும். எந்தக் கோப்பையும் மாற்றத் தொடங்குவதற்கு முன் இதைச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு பிளேயர் எப்படி மறுக்கிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தின் பக்கம் போய்விடலாம். வட்டையோ பென் டிரைவையோ அது கண்டுகொள்ளவே இல்லையானால், பிரச்சினை பதிவு செய்த விதத்தில் இருக்கிறது: இறுவட்டு, பதிவின் முடிவில் செய்ய வேண்டிய ‘ஃபைனலைஸ்’ என்ற மூடும் வேலை செய்யப்படாமல் விடப்பட்டிருக்கலாம், அல்லது பென் டிரைவ் வேறு கோப்பு முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கலாம். கண்டுகொண்டு, பட்டியலில் கோப்பின் பெயரை மட்டும் காட்டாவிட்டால், அந்தக் கொள்கலனையே அது அறியவில்லை. எம்கேவி கோப்புகள் இந்தக் கருவியில் அப்படித்தான் மறைந்துபோயின. பெயர் தெரிந்து, தெரிவுசெய்ததும் ‘அன்சப்போர்ட்டட்’ என்ற சொல் வருமானால், உள்ளே இருக்கும் படத்தின் முறையோ தெளிவுத்திறனோ அதற்கு எட்டாதது. 720 x 576 புள்ளிகளுக்கு மேற்பட்ட எதையும், எக்ஸ்விட்டாக இருந்தாலும்கூட, இது ஏற்கவில்லை. படம் ஓடி ஒலி மட்டும் வராவிட்டால், ஒலி டிடிஎஸ் முறையிலோ ஏஏசி முறையிலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; எம்பி 3, டொல்பி டிஜிட்டல் ஆகிய இரண்டும் எப்போதும் சரியாகக் கேட்டன. ஒலி சரியாக ஓட, படம் அசைவுகளின்போது மட்டும் கலைந்து உறையுமானால், எக்ஸ்விட் செய்தவர் கியூபெல், ஜிஎம்சி என்ற மேம்பட்ட வசதிகளைப் பயன்படுத்தியிருப்பார். வீட்டுப் பிளேயர்களில் பெரும்பாலானவை அவற்றைச் சரியாகக் கையாளுவதில்லை.

மறுப்பதற்கான காரணத்தை இந்தக் கருவி ஓரளவுக்காவது திரையில் சொல்கிறது என்பது பாராட்டத்தக்கது. உறவினர் வீட்டிலுள்ள இன்னொரு பிளேயர் எல்லாவற்றுக்கும் ‘பேட் டிஸ்க்’ என்ற ஒரே பதிலைத் தருவதால், நல்ல இறுவட்டுகள் குப்பைக்குப் போயிருக்கின்றன.

பென் டிரைவைப் பொறுத்தவரை, ஃபேட் 32 முறையில் வடிவமைத்ததை மட்டுமே இது படிக்கிறது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டும் இதற்கு வெற்றுத் துண்டுகள். 64 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் முறையிலேயே விற்பனைக்கு வருவதால், புதிதாக வாங்கிய பெரிய பென் டிரைவ் வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடு அடிக்கடி எழுகிறது. 16 அல்லது 32 ஜிகாபைட் அளவே இத்தகைய பிளேயருக்குப் போதும். ஃபேட் 32இல் ஒரே கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு ஒரு தனிக் குறை உண்டு. கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தால் பட்டியலில் வெறும் கட்டங்களும் கோடுகளுமே தெரிகின்றன. எஸ்ஆர்டி என்ற தனி எழுத்துக் கோப்பாக வரும் தமிழ் உபதலைப்புகளும் அவ்வாறே சிதைகின்றன, ஏனெனில் இதன் எழுத்துருவில் ரோம எழுத்துகளும் சில பிற எழுத்துகளும் மட்டுமே உள்ளன. சிங்களத் திரைப்படம் ஒன்றைத் தமிழ் உபதலைப்புடன் பெற்றோருக்குக் காட்ட விரும்புபவர், உபதலைப்பைப் படத்தோடு சேர்த்தே பதித்துவிட வேண்டும். அல்லது டிவிடியாகத் தயாரித்து, எழுத்தைப் பட வடிவில் ஏற்ற வேண்டும். டிவிடி தரநிலையில் உபதலைப்பு என்பதே சிறு படங்களாகத்தான் சேமிக்கப்படுகிறது என்பதால், எந்த மொழியும் அதில் குறையின்றித் தெரியும். இந்த நாட்டில் விற்கும் கருவியில் தமிழ், சிங்கள எழுத்துகள் இல்லாதிருப்பதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் இறுவட்டுகளிலும் சில தடைகள் உள்ளன. திரைப்பட டிவிடிகள், விற்கப்படும் நாடுகளுக்கேற்ப வலயம் என்ற எண்ணால் கட்டுப்படுத்தப்படுகின்றன. கனடாவில் விற்கப்படும் திரைப்பட டிவிடிகள் வலயம் 1க்கும், பிரித்தானியாவில் விற்கப்படுபவை வலயம் 2க்கும், இந்தியாவில் விற்கப்படுபவை வலயம் 5க்கும் உரியவை. இந்தக் கருவி எல்லா வலயங்களையும் ஏற்கும்படியே விற்பனைக்கு வந்திருந்ததால் அந்தத் தடை எழவில்லை. உறவினர் வீட்டுத் திருமணப் பதிவுகளில் பெரும்பாலும் வலயக் கட்டுப்பாடே இருக்காது. அவற்றில் வருவது, பால் முறைக்குப் பதிலாகக் கனடா போன்ற நாடுகளில் வழங்கும் என்டிஎஸ்சி (NTSC) முறை சார்ந்த சிக்கல். கனடாவிலிருந்து வரும் டிவிடியில் படம் 720 x 480 புள்ளிகளாக, செக்கனுக்கு 29.97 சட்டகங்களாக இருக்கும். தட்டைத் திரைத் தொலைக்காட்சியில் இதனால் எந்த வேறுபாடும் தெரியவில்லை. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களால் பழைய குழாய்த் தொலைக்காட்சியில் இணைத்தபோது மட்டும் படம் நிறமிழந்து மேலும் கீழுமாக உருண்டது. ரிமோட்டிலுள்ள ‘பி/என்’ பொத்தானை அழுத்தி வெளியீட்டைப் பால் முறைக்கு மாற்றியதும் சரியாகியது. அந்தப் பொத்தான் இல்லாத ரிமோட்டாக இருந்தால், செட்டப் பட்டியலில் தொலைக்காட்சி வகை என்ற இடத்தில் இதே மாற்றத்தைச் செய்யலாம். புளூரே வட்டைப் பொறுத்தவரை செய்வதற்கு ஒன்றுமில்லை. அது 405 நனோமீற்றர் நீலஊதா லேசரால் மட்டுமே படிக்கப்படுவது.

இனி, ஓடாத கோப்பை ஓடச் செய்வது பற்றி. தொலைபேசிப் பதிவுகளை ஏவிஐயாக மாற்றிப் பென் டிரைவில் வைப்பதைவிட, முறையான டிவிடியாகத் தயாரித்துவிடுவதையே நான் விரும்புகிறேன். அது இந்தப் பிளேயரில் மட்டுமன்றி, அயல் வீட்டுப் பிளேயரிலும் ஓடும். ஹேண்ட்பிரேக் பலருக்கும் தெரிந்த நல்ல மென்பொருள் என்றாலும், அது தருவது எம்பி 4, எம்கேவி, வெப்எம் கோப்புகளை மட்டுமே; இந்தத் தேவைக்கு அது உதவாது. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருள், கோப்பைப் பெற்று எம்பெக் 2ஆக மாற்றி, பட்டியல் திரையும் அமைத்து, வட்டில் பதிவதுவரை எல்லாவற்றையும் செய்கிறது. கட்டளை வரியில் பழகியவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் இன்னும் எளிது: ‘டார்கெட்’ என்ற இடத்தில் பால் டிவிடி என்று குறிப்பிட்டால், படத்தின் அளவு, சட்டக வேகம், ஒலி முறை ஆகிய அனைத்தும் தரநிலைக்கு ஏற்பத் தாமாகவே அமைந்துவிடுகின்றன.

ஒரு வட்டில் எவ்வளவு நேரத்தை அடக்குவது என்பதில்தான் தரம் தங்கியிருக்கிறது. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டு மணி நேரத்தை அதில் அடக்கினால் ஒலியையும் சேர்த்துச் செக்கனுக்கு ஏறக்குறைய 5 மெகாபிட் கிடைக்கும். பகலில் எடுத்த திருமணப் பதிவுக்கு அது போதுமானது. இரவு முழுவதும் நடக்கும் காமன் கூத்தைப் பந்த வெளிச்சத்திலும் மின்விளக்கின் மங்கிய ஒளியிலும் தொலைபேசியில் எடுத்த பதிவு அப்படியன்று. இருளில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் நிறைந்திருக்கும் புள்ளிகள் சட்டகத்துக்குச் சட்டகம் மாறுவதால், குறைந்த அளவில் அழுத்தும்போது முகங்கள் சதுரக் கட்டங்களாக உடைந்துவிடும். கூத்தில் கணவன் காமனை இழந்த ரதியின் புலம்பலைப் பாடுபவரின் முகம் தெரியாமற் போவதைவிட, ஒரு வட்டுக்கு 90 நிமிடங்களாகப் பிரித்து, 6.5 மெகாபிட் அளவில் பல வட்டுகளில் பதிவதே சிறந்தது. டிவிடி தரநிலை படத்துக்கு 9.8 மெகாபிட்வரை இடமளிக்கிறது என்றாலும், கணினியில் பதிந்த வட்டுகளில் அந்த உச்சத்தைத் தொட்டால் சில பிளேயர்கள் தடுமாறும்.

தொலைபேசிகள் பெரும்பாலும் செக்கனுக்கு 30 சட்டகங்களாகவே பதிவதால், பால் முறைக்கு மாற்றும்போது தப்படிப்பவர்களின் கையசைவில் ஒரு விக்கல் தெரிகிறது. அத்தகைய பதிவை என்டிஎஸ்சி டிவிடியாகவே தயாரித்தால் அசைவு இயல்பாக இருக்கிறது. இப்போதைய பிளேயர்களும் தட்டைத் திரைகளும் அதைச் சிரமமின்றி ஏற்கின்றன. பழைய குழாய்த் தொலைக்காட்சி வைத்திருப்பவருக்குக் கொடுக்கும் பிரதியை மட்டும் பால் முறையில் செய்யலாம்.

பதிவதற்கு டிவிடி ஆர் வகை வட்டைத் தெரிவுசெய்து, மென்பொருளில் கிடைக்கும் மிகையான வேகத்தை விட்டு 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் பதிந்து, முடிவில் வட்டை மூடிவிட வேண்டும். திரும்ப எழுதக்கூடிய டிவிடி ஆர்டபிள்யூ வட்டுகள் ஒளியைக் குறைவாகவே பிரதிபலிப்பதால் தேய்ந்த லென்ஸுள்ள பிளேயர்கள் அவற்றைப் படிக்கத் திணறும். நகரத்துக் கடைகளில் பதிவுசெய்யக் கொடுப்பவர்கள், ‘டிவிடி வீடியோவாகச் செய்து தாருங்கள்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். அவ்வாறு சொல்லாவிட்டால் எம்பி 4 கோப்பை அப்படியே வட்டில் இட்டுக் கொடுத்துவிடுகிறார்கள், கணினியில் ஓடுவது வீட்டுப் பிளேயரில் ஓடாமற் போகிறது.

மலைநாட்டின் காலநிலைக்கு உரிய ஒரு குறிப்பையும் சேர்க்க வேண்டும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் குளிரில் வைத்திருந்த பிளேயரை அடுப்பெரியும் வெதுவெதுப்பான அறைக்குக் கொண்டுவந்து உடனே இயக்கினால், லென்ஸின்மீது ஈரம் படிந்திருப்பதால் எந்த வட்டையும் அது படிக்காது. கருவியை ஓரிரு மணி நேரம் வெறுமனே வைத்திருந்துவிட்டு இயக்கினால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். இறுவட்டுகளை மூடிய உறையில், சுவரோடு ஒட்டாத அலுமாரித் தட்டில் நிமிர்த்தி வைப்பது பூஞ்சையைக் குறைக்கும்.

தொலைபேசிக் காணொளிகளைப் பார்ப்பதே முதன்மைத் தேவையாக இருப்பவர்கள், பிளேயர் வாங்குவதற்கு முன் தங்கள் தட்டைத் திரைத் தொலைக்காட்சியின் பின்புறமுள்ள யூஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவைச் செருகிப் பார்க்க வேண்டும். அண்மைக்காலத் தொலைக்காட்சிகள் பலவும் எச் 264ஐத் தாமே ஓட்டுகின்றன. அப்படியானால் பிளேயர் இறுவட்டுகளுக்கு மட்டும் போதும், யூஎஸ்பி வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. கடைக்குப் போகும்போது வீட்டுத் திருமண டிவிடி ஒன்று, பழைய விசிடி ஒன்று, தொலைபேசிக் காணொளியும் ஏவிஐ கோப்பும் கொண்ட பென் டிரைவ் ஒன்று ஆகியவற்றை எடுத்துச் செல்வது நல்லது. நான் வாங்கிய கடையில் இவை அனைத்தையும் மேசைமீது வைத்துப் பொறுமையாக ஓட்டிக் காட்டினார்கள்; எது ஓடவில்லை என்பதையும் மறைக்கவில்லை. உத்தரவாதச் சீட்டில் லேசர்ப் பகுதி முதலில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. இத்தகைய கருவிகளில் முதலில் தேய்வது அதுதான் என்பதால், பணம் கொடுப்பதற்கு முன் அதைச் சுட்டிக்காட்டிக் கேட்டேன்; கடை உரிமையாளர் பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் அதையும் சேர்த்து எழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தார்.